சின்ன ஊர், பெரிய வக்கீல்

நியூஜெர்சியில் ரிவர்சைடு என்று ஒரு குட்டி ஊர். மக்கள் தொகை எட்டாயிரம் சொச்சம். 2007ல் அந்த ஊர் நிர்வாகம் ஒரு டிப்பர் லாரி வாங்க வேண்டியிருந்தது. வாங்கவில்லை. சில தெருக்களுக்குத் தார் போட வேண்டியிருந்தது. தள்ளிப் போட்டார்கள். டவுன் ஹால் கட்டடத்தில் ரிப்பேர் வேலை பாக்கி. அதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காசெல்லாம் எங்கே போனது? வக்கீலுக்கு. ஒரு வருஷம் சொச்சத்தில் சுமார் 82,000 டாலர்.

அப்படி என்ன கேஸ்? 2006 ஜூலையில் ஊர் நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. உரிய காகிதம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களுக்கு வேலை கொடுத்தாலோ, வீடு வாடகைக்கு விட்டாலோ அபராதம். ஊரில் அப்போது பிரேசில்காரர்கள் ஏராளம். சட்டம் அமலுக்கு வருமா வராதா என்று தெரிவதற்கு முன்பே அவர்களில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களை நம்பி நடந்த முடிவெட்டும் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் காற்று வாங்கின. இன்னொரு பக்கம் வழக்குகள் வந்து நின்றன. 2007 செப்டம்பரில் ஊர் நிர்வாகம் தானாகவே சட்டத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது.

82,000 டாலர் என்பது அமெரிக்க வக்கீல் உலகத்தில் சில்லறைக் காசு. பெரிய கம்பெனி ஒன்று பெரிய கம்பெனி இன்னொன்றோடு மல்லுக்கட்டும்போது ஜெராக்ஸ் செலவே அதைத் தாண்டிவிடும். ஆனால் எட்டாயிரம் பேர் இருக்கிற ஊருக்கு அது ஒரு லாரி, இரண்டு தெரு, ஒரு கூரை. சின்ன ஊரின் பட்ஜெட்டில் போலீஸ் சம்பளம், பென்ஷன், கடன் வட்டி எல்லாம் போக மீதம் இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் வக்கீல் பீஸ் போகிறது. அதனால் வெட்டு விழுவது எப்போதும் லாரி மேல்தான்.

அப்படியானால் சின்ன ஊர் ஒன்றுக்கு வெளியிலிருந்து விலை உயர்ந்த வக்கீலை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகுமா? கேட்ட மாத்திரத்தில் "ஆகாது" என்று சொல்லத் தோன்றும். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் வேடிக்கை.

முதலில், உள்ளூரில் வக்கீல் இல்லையா என்ற கேள்வி. இருக்கிறார். நியூயார்க், சிகாகோ மாதிரி மாநகரங்களில் நகராட்சிக்கென்றே நூற்றுக்கணக்கில் சம்பள வக்கீல்கள் உண்டு. இருபதாயிரம் பேர் இருக்கிற ஊரில் ஒருத்தர். பென்சில்வேனியா பக்கம் அவருக்கு சாலிசிட்டர் என்று பெயர், கலிபோர்னியா பக்கம் சிட்டி அட்டர்னி. பல ஊர்களில் அவர் முழுநேரம்கூட இல்லை; சொந்தமாக ஆபீஸ் வைத்துத் தொழில் நடத்திக்கொண்டே நகராட்சி வேலையையும் பார்ப்பார். கவுன்சில் கூட்டத்துக்கு வருவார், டெண்டர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பார், மனைப் பிரிவுத் தகராறில் கருத்துச் சொல்வார். நடைபாதையில் வழுக்கி விழுந்தவர் நஷ்ட ஈடு கேட்டால் அதையும் கவனிப்பார். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒரு நாள் பெடரல் கோர்ட்டிலிருந்து அரசியல் சாசன வழக்கு ஒன்று வந்து நின்றால், அது அவர் குளித்துப் பழகிய குளம் இல்லை. ஊர்க் குளத்தில் நீந்துபவரைக் கடலில் தள்ள முடியாது. வெளியாளைத்தான் கூப்பிட வேண்டும்.

வெளியாளின் மீட்டர் மணிக்கணக்கில் ஓடும். மணி என்றுகூடச் சொல்ல முடியாது. அமெரிக்க வக்கீல் ஆபீஸ்களில் ஒரு மணி நேரத்தைப் பத்தாக வெட்டி, ஆறு நிமிஷத்துக்கு ஒரு துண்டு என்று பில் போடுகிற பழக்கம் உண்டு. போனில் "வணக்கம், எப்படி இருக்கீங்க" என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் ஒரு துண்டு ஓடியிருக்கும்.

பீஸ் அதிகம் என்பதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. எவ்வளவு ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, பிரச்சினை அங்கேதான். தெருவுக்குத் தார் போட எஸ்டிமேட் உண்டு. வழக்குக்கு எஸ்டிமேட் கிடையாது. எதிராளி ஐம்பதாயிரம் பக்க ஆவணம் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். முப்பது பேரைச் சாட்சி விசாரிக்கிறேன் என்றால் முப்பது நாளும் நம் வக்கீல் போய் உட்கார வேண்டும். அதாவது, நம்முடைய செலவை நம் எதிரி தீர்மானிக்கிறான். இப்படி ஒரு பட்ஜெட்டை எந்தக் கவுன்சிலரால் போட முடியும்?

சரி, இந்த விஷயத்துக்குப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிற ஊருக்கு வருவோம். ஹேசில்டன்.

பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தால் வளர்ந்து, சுரங்கம் போனதும் தேய்ந்துபோன ஊர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் 23,000 சொச்சம். அதில் ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான். அதன் பிறகு நியூயார்க், நியூஜெர்சியிலிருந்து, முக்கியமாக டொமினிக்கன் குடும்பங்கள், சல்லிசான வீடும் கிடங்கு வேலையும் தேடி வந்து சேர்ந்தார்கள். ஊர் நிறம் மாறியது. பழைய ஆட்களுக்குப் பயம் வந்தது. மேயர் லூ பார்லெட்டா அந்தப் பயத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தார். 2006 ஜூலை 13 அன்று கவுன்சில் 4க்கு 1 என்ற கணக்கில் நிறைவேற்றியது. சட்ட விரோதமாகக் குடியேறியவர்களுக்கு வீடு கொடுத்தால் வீட்டுக்காரருக்கு அபராதம், வேலை கொடுத்தால் கடையின் உரிமம் போகும். ரிவர்சைடு மாதிரியான ஊர்கள் காப்பியடித்தது இந்தப் பரீட்சைப் பேப்பரைப் பார்த்துத்தான்.

குடியேற்றம் என்பது அமெரிக்காவில் மத்திய அரசின் விவகாரம். ஒரு நகராட்சி அதில் கைவைத்தால் வழக்கு வரும் என்று சட்டக் கல்லூரி முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். வந்தது. எதிர்த்தரப்பில் ஏசிஎல்யூ என்கிற அமெரிக்க சிவில் உரிமை அமைப்பு, லத்தீன் மக்களுக்கான சட்ட அமைப்பு ஒன்று, கூடவே பிலடெல்பியாவின் பெரிய வக்கீல் கம்பெனி ஒன்று. ஊர்ப் பக்கம், சட்டப் பேராசிரியர் கிரிஸ் கோபாக் உள்ளிட்ட குழு. செலவுக்காக ஊர் இணையதளம் ஒன்றைத் திறந்து நாடு முழுவதிலிருந்தும் நன்கொடை திரட்டியது. சின்ன ஊர் தன்னைக் காத்துக்கொள்கிறது என்ற ரீதியில் விளம்பரம். காசும் வந்தது.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எட்டு வருஷக் கதை. 2006 அக்டோபர் கடைசியில் சட்டத்துக்கு இடைக்காலத் தடை. 2007 மார்ச்சில் ஸ்க்ராண்டன் நகரில் விசாரணை. ஜூலையில் நீதிபதி ஜேம்ஸ் மன்லி 206 பக்கத் தீர்ப்பில் சட்டம் செல்லாது என்றார். ஊர் அப்பீலுக்குப் போனது. 2010 செப்டம்பரில் அங்கேயும் தோல்வி. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2011ல் சுப்ரீம் கோர்ட், அரிசோனா சம்பந்தமான வேறொரு தீர்ப்பைக் காட்டி, "இதை வைத்து மறுபடி பாருங்கள்" என்று கேஸைத் திருப்பி அனுப்பியது. ஊரில் கொண்டாட்டம். கொஞ்சம் யோசித்தால் அழ வேண்டிய நேரம் அது. ஒரே அப்பீலை இரண்டாவது முறை காசு கொடுத்து நடத்த வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். 2013 ஜூலையில் மறுபடியும் அதே தோல்வி. 2014 மார்ச் 3 அன்று சுப்ரீம் கோர்ட் இந்த முறை கதவையே திறக்கவில்லை.

இதுவரை ஆனது சொந்த வக்கீலுக்கான செலவு. நிஜமான அடி இதற்கப்புறம்தான்.

அமெரிக்காவில் பொதுவான வழக்கம், அவரவர் வக்கீலுக்கு அவரவர் காசு. ஜெயித்தாலும் தோற்றாலும். ஆனால் சிவில் உரிமை வழக்குகளுக்கு 1976ல் ஒரு விதிவிலக்கு கொண்டுவந்தார்கள். சட்டத்தில் அதன் எண் 1988 (வருஷம் இல்லை, பிரிவு எண், குழம்ப வேண்டாம்). அரசாங்கம் ஒருவரின் உரிமையைப் பறித்ததாக அவர் வழக்குப் போட்டு ஜெயித்தால், அவருடைய வக்கீல் பீஸை அரசாங்கமே கொடுக்க வேண்டும். ஊர் ஜெயித்தால் எதிராளியிடம் வாங்கலாமா? ம்ஹூம். வழக்கு வெறும் வீண் வம்பு என்று கோர்ட் நினைத்தால் மட்டும்தான். ஆக, தோற்றால் இரட்டைச் செலவு, ஜெயித்தால் ஒற்றைச் செலவு. செலவில்லாத முடிவு என்று ஒன்று அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இந்தச் சட்டத்தை அநியாயம் என்று சொல்லிவிடவும் முடியாது. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படப் போகிற டொமினிக்கன் குடும்பத்தால் மட்டும் வக்கீல் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகுமா என்ன? நகராட்சிக்காவது வரி வரும். அந்தக் குடும்பத்துக்கு என்ன வரும்? தப்பு செய்தது அரசாங்கம் என்று நிரூபித்தால் அதன் செலவில் நிரூபித்ததாகட்டும் என்பதுதான் 1976 சட்டத்தின் ஏற்பாடு. இது இல்லாவிட்டால் ஏழை பக்கம் எந்த வக்கீலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

எதிர்த்தரப்பு ஹேசில்டனிடம் கேட்டது சுமார் 28 லட்சம் டாலர். 2015 அக்டோபரில் அதே நீதிபதி மன்லி அதைப் பாதியாக வெட்டி, ஏறத்தாழ 14 லட்சம் கொடுக்கச் சொன்னார். இன்சூரன்ஸ்? எதிராளியின் வக்கீல் பீஸ் எல்லாம் பாலிசியில் வராது என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கெனவே கைவிரித்திருந்தது, கோர்ட்டும் அதற்குத் தலையாட்டியிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2010ல் ஊர் ஜனம் 25,000. தலைக்கு 56 டாலர். நாலு பேர் குடும்பத்துக்கு 224 டாலர். "இவ்வளவுதானா, ஒரு குடும்பம் ஒரு நாள் வெளியே போய் வந்தால் ஆகிற செலவு" என்று தோன்றலாம். ஆனால் யாரும் வீடு வீடாகப் போய் 224 டாலர் வசூலிக்கப் போவதில்லை. ஏற்கெனவே இழுபறியாக இருக்கிற நகராட்சிக் கஜானாவிலிருந்து மொத்தமாகப் போக வேண்டும். 2017ல் பென்சில்வேனியா மாநிலம் ஹேசில்டனை நிதி நெருக்கடியில் இருக்கும் நகரமாக அறிவித்தது. வக்கீல் பீஸ்தான் ஊரைக் கவிழ்த்தது என்று சொன்னால் அது பொய். சுருங்கிய வருமானமும் பென்ஷன் பாரமும் அதற்கு முன்பே அழுத்திக்கொண்டிருந்தன. மூழ்கப் போகிற படகில் நாமே தூக்கிப் போட்ட ஒரு கல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தச் சட்டப்படி அபராதம் கட்டிய வீட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தடை உத்தரவால் அது ஒரு நாள்கூட அமலில் இருக்கவில்லை. 2020 கணக்கெடுப்பில் ஊர் ஜனம் கிட்டத்தட்ட 30,000 ஆகியிருந்தது. அதில் பாதிக்கும் மேல் லத்தீன் வம்சாவளியினர்.

மேயர் என்ன ஆனார்? 2007ல் அமோகமாக மறுபடி ஜெயித்தார். 2010ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார். பில் வந்தது 2015ல். முடிவெடுத்தவர் ஓர் இடத்தில், பில் வேறோர் இடத்தில். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள். நாலு வருஷப் பதவிக்காரர் ஒருவர் எட்டு வருஷ வழக்கைத் தொடங்கி வைக்கலாம். அதில் கிடைக்கிற கைதட்டல் முதல் வருஷமே வந்துவிடும், செலவு கடைசி வருஷம்தான் வரும். கட்டுப்படியாகுமா என்ற கேள்வியை அந்த மேஜையில் யார் கேட்பார்கள்?

டெக்சாஸில் டல்லாஸ் பக்கத்து ஃபார்மர்ஸ் பிராஞ்ச் இன்னும் ஒரு படி மேல். அப்போது 28,000 பேர் இருந்த ஊர். அதே மாதிரி வாடகைச் சட்டம். 2007 மே மாதம் ஊர் மக்களே ஓட்டுப் போட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், ஆதரித்தார்கள். கோர்ட் அடித்தது. வேறு மாதிரி எழுதினார்கள். அதையும் கோர்ட் அடித்தது. 2013ல் அப்பீல் கோர்ட் முழு அமர்வும் அடித்தது. ஹேசில்டனுக்குக் கதவு மூடிய அதே 2014 மார்ச் 3 அன்று இவர்களுக்கும் சுப்ரீம் கோர்ட் கதவு மூடியது. மொத்தச் செலவு 60 லட்சம் டாலருக்கும் மேல். பக்கத்தில் பெரிய நகரமும் கம்பெனிகளும் இருக்கிற, கொஞ்சம் வசதியான ஊர் என்பதால் தாங்கியது.

இங்கே மக்களே ஓட்டுப் போட்டதால் மேயரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாக்குச்சீட்டில் "இந்தச் சட்டம் வேண்டுமா?" என்று கேட்டார்களே தவிர, "60 லட்சம் டாலருக்கு இந்தச் சட்டம் வேண்டுமா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது, அந்த எண் அப்போது யாருக்கும் தெரியாது.

நெப்ராஸ்காவின் ஃப்ரீமான்ட் இதே சண்டையில் ஜெயித்த ஊர் என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். அப்போது ஜனம் 26,000. 2010 ஜூனில் மக்கள் ஓட்டில் சட்டம் நிறைவேறியது. வழக்கு வரும் என்று தெரிந்து, செலவுக்காக நகராட்சி சொத்து வரியை உயர்த்தியது. ஒளிவு மறைவு இல்லாத நேர்மையான காரியம் அது, ஒத்துக்கொள்ள வேண்டும். 2013ல் அப்பீல் கோர்ட் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2014 பிப்ரவரியில், செலவைக் காரணம் காட்டி வாடகை விதியை நீக்கலாமா என்று மறுபடி ஓட்டுக்கு விட்டார்கள். முன்பைவிட அதிகம் பேர், கிட்டத்தட்ட நூற்றுக்கு அறுபது பேர், வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். வரி கட்டிப் பார்த்த பிறகும் இருக்கட்டும் என்று சொன்னால் அதற்கு மேல் யார் என்ன சொல்ல?

ஜெயித்துக் கிடைத்தது என்ன என்று பார்த்தால், வாடகைக்கு வருகிறவர் ஐந்து டாலர் கட்டி ஓர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் வேலை பார்த்த பெரிய இறைச்சி ஆலையோ ஊர் எல்லைக்கு வெளியே இருந்தது. சட்டம் அங்கே செல்லாது!

இந்த ஊர்களில் எல்லாம் திரும்பத் திரும்ப வருகிற பெயர் கோபாக். ஹேசில்டன், ஃபார்மர்ஸ் பிராஞ்ச், ஃப்ரீமான்ட் மூன்றிலும் அவர் உண்டு. 2018ல் புரோபப்ளிகாவும் கான்சாஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகையும் சேர்ந்து ஆராய்ந்து எழுதியபோது, இந்த மாதிரி வேலைகளில் 13 வருஷத்தில் அவருக்குக் குறைந்தது 8 லட்சம் டாலர் வந்திருக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். ஊர்கள் இழந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையே இல்லை, கவனித்தீர்களா? வக்கீலின் பீஸ் ஒரு மடங்கு என்றால் அவரை நம்பி இறங்கிய வழக்கின் செலவு பல மடங்கு. சில சமயம் இப்படிப்பட்ட கொள்கை வக்கீல்கள் சல்லிசாகவோ இலவசமாகவோகூட வருவார்கள். அவர்களுக்கு அந்த வழக்கு வேண்டும். நாடு முழுக்கப் பேச ஒரு முன்னுதாரணம் வேண்டும். ஊருக்கு வேண்டியது டிப்பர் லாரி. இரண்டு பேரும் ஒரே படகில் இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் இறங்க வேண்டிய துறை வேறு வேறு. இலவச வக்கீல் தோற்றாலும் எதிராளிக்கான பீஸ் இலவசம் ஆகாது.

ஜெயித்தால் மட்டும் பங்கு எடுத்துக்கொள்கிற வக்கீல்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஓபியாய்ட் வலி மாத்திரைகளால் சீரழிந்த ஊர்கள் மருந்து கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டபோது பெரும்பாலும் இப்படித்தான் வக்கீல் பிடித்தார்கள். ஆயிரக்கணக்கான உள்ளாட்சிகள். 2021ல் மூன்று பெரிய விநியோகஸ்தர்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து 2,600 கோடி டாலருக்குச் சமரசம் அறிவித்தார்கள். மணிக்கணக்கில் பீஸ் கொடுத்து அந்தக் கம்பெனிகளோடு மோத எந்தச் சின்ன ஊராலும் முடிந்திருக்காது. ஆனால் இந்த வழி, காசு கேட்டு வழக்குப் போடும்போது மட்டும்தான் திறக்கும். நம்மேல் ஒருவர் வழக்குப் போட்டால், ஜெயித்தால் பங்கு தருகிறேன் என்று எதைக் காட்டிக் கூப்பிடுவது? காப்பாற்றப்பட்ட கஜானாவையா?

இதுவரை சொன்னதெல்லாம் வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைகள். சும்மா இருந்திருந்தால் செலவே இல்லை. எல்லா ஊருக்கும் அந்தச் சௌகரியம் கிடைப்பதில்லை.

சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே கடலோரத்தில் ஹாஃப் மூன் பே. 12,000 பேர். பூசணித் திருவிழாவுக்குப் பேர் போன அழகான ஊர். எண்பதுகளில் மழைநீர் வடிகால் வேலை நடந்தபோது ஒரு தனியார் நிலத்தில் மண்ணை எடுத்த இடமெல்லாம் பள்ளமாகிப் போனது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீரில் செடி வளர்ந்தது. வருஷங்கள் கழித்து நிலத்துக்காரர் 83 வீடு கட்ட வந்தபோது, 2000ல், "இது ஈரநிலம், கட்டக் கூடாது" என்று நகராட்சி மறுத்துவிட்டது. ஈரநிலம் ஆனதே உன்னால்தானே என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். 2007 நவம்பரில் நீதிபதி வான் வாக்கர் போட்ட தொகை 3 கோடியே 68 லட்சம் டாலர். ஊரின் ஒரு வருஷப் பொது பட்ஜெட்டைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

இப்போது சொல்லுங்கள், இந்த ஊர் என்ன செய்ய வேண்டும்? நல்ல வக்கீலை அமர்த்தி அப்பீலுக்குப் போக வேண்டும் என்று ஒரு கூட்டம். கலிபோர்னியா சுற்றுச்சூழல் சட்டப்படி இந்தத் தீர்ப்பு நிற்காது என்பது அவர்கள் வாதம். அப்பீல் நடக்கும் நாளெல்லாம் வட்டி ஓடும், தோற்றால் ஊரே திவால் என்று இன்னொரு கூட்டம். 2008ல் ஊர் சமரசத்துக்கு இறங்கியது. வீடு கட்ட அனுமதிக்கிற தனி மசோதாவை மாநில சட்டமன்றத்தில் வாங்கித் தர வேண்டும், முடியாவிட்டால் 1 கோடியே 80 லட்சம் டாலர். மசோதா தேறவில்லை. பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கிக் கட்டினார்கள். 2011ல் சொந்தப் போலீஸ் துறையையே கலைத்துவிட்டு, மாவட்ட ஷெரிஃபிடம் காவலை ஒப்பந்தத்துக்கு விட்டார்கள்.

அப்பீலுக்குப் போயிருந்தால்? யாருக்கும் தெரியாது. ஜெயித்திருந்தால், அந்த வக்கீலுக்கு எத்தனை லட்சம் கொடுத்திருந்தாலும் மலிவு. தோற்றிருந்தால் போலீஸ் மட்டுமில்லை, இன்னும் என்னென்னவோ போயிருக்கும். சூதாட இஷ்டமில்லாதவனைச் சூதாட்ட மேஜையில் உட்கார வைத்த மாதிரிதான். எழுந்து வந்தவர்களைக் கோழை என்று சொல்ல மனசு வரவில்லை.

கலிபோர்னியாவின் மலைப் பக்கத்தில் மாமத் லேக்ஸ் என்று பனிச்சறுக்கு ஊர். 2010 வாக்கில் ஜனம் எட்டாயிரம். 1997ல் ஒரு கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது: நீ விமான நிலையத்தை மேம்படுத்து, பதிலுக்கு அங்கே ஹோட்டல் கட்டிக்கொள்ள உரிமை தருகிறோம். அப்புறம் ஊருக்குப் பெரிய விமானங்கள் வர வேண்டும் என்று ஆசை வந்தது. மத்திய விமானப் போக்குவரத்துத் துறை அந்த ஹோட்டலை ஆட்சேபித்தது. ஊர் ஹோட்டலை இழுத்தடித்தது. ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று நிறுவனம் வழக்குப் போட, 2008ல் ஜூரி 3 கோடி டாலர் என்றது. ஊர் அப்பீல் போனது, 2010 டிசம்பரில் தோற்றது. வட்டியும் வக்கீல் பீஸும் சேர்ந்து 2012ல் 4 கோடியே 30 லட்சம் ஆகியிருந்தது. தலைக்கு ஐயாயிரம் டாலருக்கு மேல். ஹாஃப் மூன் பே செய்யாததை இவர்கள் செய்தார்கள், அதற்கான விலை இது.

2012 ஜூலையில் ஊர் திவால் மனு கொடுத்தது. திவாலாவதற்கும் தனி வக்கீல் வேண்டும், அவர்களும் சல்லிசு கிடையாது :-) சில மாதங்களில் 2 கோடியே 95 லட்சத்துக்குச் சமரசம் ஆனது. வருஷத்துக்கு 20 லட்சம் வீதம் 23 வருஷத் தவணை.

இந்தக் கதையில் உறுத்துவது 2008ஆம் வருஷ ஜூரியோ 2010ஆம் வருஷ அப்பீலோ இல்லை. 1997. அன்றைக்கு அந்த ஒப்பந்தத்தை, விமான நிலையச் சட்டம் தெரிந்த விலை உயர்ந்த வக்கீல் ஒருவரிடம் கொடுத்து, "மத்திய அரசு நாளைக்கு ஆட்சேபித்தால் என்ன ஆகும், அந்த நஷ்டம் யார் தலையில்?" என்று கேட்டு ஒரு பிரிவு எழுதி வாங்கியிருந்தால் சில ஆயிரம் டாலரோடு போயிருக்கும். ஹேசில்டனிலும் அப்படித்தான். வழக்கை நடத்தப் போகிறவரிடம் "இது நிற்குமா?" என்று கேட்பதற்குப் பதிலாக, அந்த வழக்கால் ஒரு பைசா வரும்படி இல்லாத வேறொரு நல்ல வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்டிருக்கலாம். அப்படிப்பட்ட பீஸ்தான் சின்ன ஊர்களுக்கு வீண் செலவாகத் தெரிகிறது. பிரச்சினையே இல்லாதபோது வக்கீலுக்கு எதற்குப் பத்தாயிரம் என்று கவுன்சிலில் யாராவது எழுந்து கேட்பார். பிரச்சினை வந்த பிறகு பத்து லட்சத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மாமத் லேக்ஸில் அன்று போட்ட தவணைக் கணக்குப்படி கடைசி 20 லட்சம் 2035 வாக்கில் வரும். ஒப்பந்தம் கையெழுத்தான வருஷம் அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 38 ஆகியிருக்கும்.